டுரியான் முள் சொல்லும் பாடம்

எஸ்பிளனேட் கலையரங்கத்தை நாம் செல்லமாக ‘டுரியான்’ என்கிறோம். 2002ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் ‘முட்கள்’ வெறும் அலங்காரமல்ல. கண்ணாடிக் கூரைமீது வெயில் நேரடியாக விழுந்தால் உள்ளே அனலாகிவிடும். அதைத் தடுக்கத்தான் 7,000க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள். வெயில் படும் திசையைப் பொறுத்து அவற்றின் சாய்வு இடத்துக்கு இடம் வேறுபடும். சூடு குறைகிறது; வெளிச்சம் உள்ளே வருகிறது.

அங்கிருந்து வளைகுடாவின் மறுபக்கம் பார்த்தால் கலை அறிவியல் அரும்பொருளகம் தெரியும். மோஷே சாஃப்டி வடிவமைத்து 2011ல் திறக்கப்பட்டது. தாமரைபோல் விரிந்த கூரை மழைநீரை நடுவில் திரட்டி, கீழே உள்ள குளத்தில் அருவியாக விழச் செய்கிறது. அந்த நீர் கழிவறைகளுக்கும் பயன்படுகிறது.

இரண்டும் இயற்கையின் உருவத்தோடு நிற்கவில்லை. அது செய்யும் வேலையையும் செய்கின்றன.

நம் உடைகள் எப்படி? பட்டுப்புடவைக் கரையில் மயில்கண்ணும் மாங்காயும் காலங்காலமாக இருக்கின்றன. இன்றைய கடைகளிலோ இலையும் பூவும் அச்சிட்ட பாலியெஸ்டர் குர்தாக்கள். பார்க்கக் குளிர்ச்சி, போட்டால் புழுக்கம். ஒரு பூகூட இல்லாத பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சும். நம் வெயிலுக்கு அதுவே இயற்கையான உடை.

தேக்காவில் தீபாவளித் துணி எடுக்கும்போது, பூவைப் பார்க்குமுன் துணியைத் தொட்டுப் பாருங்கள்.