இதயத்துக்கும் உண்டு தனிக் கொள்முதல்

கைமுட்டி அளவே உள்ள இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடித்து, 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாளொன்றுக்கு 7,200 லிட்டர். 15 லிட்டர் எண்ணெய் டின்னில் அளந்தால் 480 டின்! விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் தினசரி இவ்வளவு புரட்டும் எண்ணெய்க் கடைகள் எத்தனை இருக்கும்?

வலப்பக்கம் அசுத்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் சுத்தமானதை உடலெங்கும் பட்டுவாடா செய்கிறது. போன சரக்கு திரும்பாதபடி நான்கு வால்வுகள் காவல்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இவ்வளவு புரண்டாலும் இதயத் தசை அதில் நேராகக் கை வைப்பதில்லை. மகாதமனியின் அடியில் பிரியும் இரண்டு சிறு குழாய்கள் வழியாகத்தான் தன் பங்கைப் பெறுகிறது. சுமார் இருபதில் ஒரு பங்கு. அதுவும் பெரும்பாலும் துடிப்புக்குத் துடிப்பு ஓயும் இடைவெளியில்.

அக்குழாயில் கொழுப்பு படிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு. நெஞ்சில் பாரம், வியர்வை, இடக்கையிலோ தாடையிலோ வலி. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரலாம். நம்மவர்களோ வாயு என்று சோடா குடித்துவிட்டுக் கல்லாவை விட்டு எழுவதில்லை. அடைபட்ட தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. புதுவை ஜிப்மர் இரு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைத் தந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். 108-ஐ அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கல்லாச் சாவி கடைப் பையனிடம் இருக்கட்டும்.