பேணுவோரையும் பேணுவோம்!

ஏர்வாடி என்றதும் நம்முள் மூத்தோருக்கு சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் பாதுஷா நாயகம் அவர்களின் தர்கா நினைவுக்கு வரும். 2001ஆம் ஆண்டிற்குப் பிறகு அப்பெயருடன் வேறொரு நினைவும் ஒட்டிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், அவ்வூரில் தனியார் நடத்திவந்த மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். சில நாட்களில் அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2007ஆம் ஆண்டு உரிமையாளர் உள்ளிட்ட நால்வருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சங்கிலியிட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதி அடைந்துவிடலாம். நானும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் வந்து அந்த நிம்மதியைக் கலைத்தார்.

சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். பத்தாம் வகுப்புடன் படிப்பு நின்றது. வேறு வேலை அமையாததால் ஒரு மனநலக் காப்பகத்தில் இரவுப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறார். அது எந்தக் காப்பகம் என்பது இங்கே வேண்டாம். ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் சென்ற பின்பும் பள்ளிவாசல் தூணோரம் தயங்கி நின்றார். "ஹஜ்ரத், நேற்றிரவு ஒரு பெரியவரை அடித்துவிட்டேன்" என்று சொல்லி அழுதார்.

மெல்ல விசாரித்தேன். முப்பது பேருக்கு இரவில் இவர் ஒருவரே ஆள். அப்பெரியவருக்கு உணவில் நஞ்சு கலந்திருப்பதாக ஐயம். தட்டை வீசியிருக்கிறார். "நஞ்செல்லாம் இல்லை, சாப்பிடுங்கள்" என்று இவர் வாதிட, அவர் குரல் உயர, இவர் குரலும் உயர்ந்தது. தோளைப் பற்றினார், அவர் கையைக் கடித்தார், இவர் அறைந்துவிட்டார்.

"வேலைக்குச் சேர்ந்தபோது என்ன பயிற்சி கொடுத்தார்கள், தம்பி?"

"சாவி எங்கே இருக்கும், மாத்திரை எத்தனை மணிக்குத் தர வேண்டும் என்று காட்டினார்கள். அவ்வளவுதான், ஹஜ்ரத்."

தவ்பா செய்யுமாறும், அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்குமாறும் கூறினேன். ஆனால் அன்றிரவே தட்டு மீண்டும் பறந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? என்னிடம் விடையில்லை. நான் பி.ஏ. வரலாறு படித்தவன், மருத்துவம் அறியாதவன். அறிந்தோரைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே உங்கள் முன் வைக்கிறேன்.

நோயாளரின் ஐயத்தோடு வாதிடலாகாது. நஞ்சு உண்டென்று ஒப்பவும் வேண்டாம். இல்லையென்று நிறுவவும் வேண்டாம். "உங்களுக்கு அச்சமாக இருக்கிறது, இல்லையா?" என்று அவரது அச்சத்தை ஏற்றுக்கொள்வதே முதற்படி. எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கை எட்டாத தொலைவில் நிற்க வேண்டும். அவர் வெளியேறும் வழியை மறித்து நிற்கக் கூடாது. நம் கைகள் அவர் பார்வையில் இருக்க வேண்டும். குரல் தாழ வேண்டும்; ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது. ஒருவர் நோயாளராகவும் மற்றவர் பணியாளராகவும் நடித்துப் பழகுதல் வேண்டும். தஜ்வீதைப் புத்தகத்தால் மட்டும் கற்பிக்க முடியுமா? உஸ்தாதின் முன் ஓதி, திருத்தப்பட்டு, மீண்டும் ஓதியன்றோ நாம் கற்றோம்!

மருந்துகளைப் பற்றியும் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளால் உடல் விறைக்கும், கை நடுங்கும், எச்சில் வழியும். சிலரை ஓரிடத்தில் அமரவிடாமல் ஓயாது உலாவ வைக்கும். அறியாத பணியாளர் அதனைத் 'திமிர்' என்பார். அறிந்தவர் மருத்துவரிடம் தெரிவிப்பார். லித்தியம் உட்கொள்பவருக்கு உடலில் நீர் வற்றினால் அம்மருந்தே நஞ்சாக மாறக்கூடும். (ரமளானில் நோன்பு நோற்க விரும்பும் நோயாளர் உங்கள் வீட்டில் இருந்தால், முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களே மாற்றிவிடாதீர்கள்.) இன்னொன்று: "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று நேரே கேட்டால் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடுவோம் எனப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

பயிற்சி ஒருமுறை தந்துவிட்டால் முடிந்துவிடுவதுமில்லை. கோவாவில் சங்காத் என்னும் அமைப்பு, மனநலக் கல்விப் பின்னணி இல்லாத உள்ளூர்வாசிகளைப் பயிற்றுவித்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுற்றோருக்கு ஆலோசகர்களாக அமர்த்தியது. நோயாளர்களுக்குப் பலன் கிடைத்தமை 2017ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. என்னைக் கவர்ந்தது அவர்கள் கையாண்ட முறை. ஆலோசனை உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆலோசகர்கள் குழுவாகக் கூடி, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு, குறைநிறைகளுக்கு மதிப்பெண் இட்டனர். தவறு செய்தவர் தனியே அழ வேண்டியதில்லை. தோழரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். என் மாணவருக்கோ தூணோரம்தான் கிடைத்தது.

நம் சமுதாயத்திற்கு நெருக்கமான முயற்சியும் உண்டு. குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில், முஜாவர்களுக்கு மனநோயின் அறிகுறிகளை இனங்காணக் கற்பித்து, துஆவுடன் மருத்துவத்திற்கும் அனுப்பச் செய்தனர். 'தவா-துஆ' என்பது அதன் பெயர். பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது.

2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியுடன் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகச் செய்யலாகாது. 'ஆட்கள் போதவில்லை' என்பதைக் காரணமாகக் காட்டவும் கூடாது என்கிறது அச்சட்டம். அந்த வரியைப் படித்தபோது முப்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கு என் கண்முன் நின்றது.

வாசகர்களே, நம்மிடமும் ஒரு கேள்வி. இம்மாணவருக்குப் பெண் கேட்டுச் சென்ற வீட்டில், "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்கா?" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வீட்டார் ஐவேளை தொழுபவர்கள், எனக்கும் வேண்டியவர்கள். நோயாளரைத் தொட்டுக் குளிப்பாட்டி உணவூட்டும் கைகளுக்கு நாம் தரும் மதிப்பு இதுதானா?

இப்போது வெள்ளிதோறும் அஸருக்குப் பின் அவரும், உடன் பணியாற்றும் ஒருவரும் மத்ரஸாவுக்கு வருகின்றனர். ஓய்வுபெற்ற மனநலச் செவிலியரான நம் சகோதரி ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டுகிறார். நான் தேநீர் வாங்கித் தருவதோடு சரி. சென்ற வாரம் அவர் சொன்னார்: "பெரியவர் மீண்டும் தட்டைத் தள்ளினார், ஹஜ்ரத். நான் எதுவும் பேசாமல் சற்றுத் தள்ளி அமர்ந்தேன். முதல் கவளத்தை என்னை உண்ணச் சொன்னார். உண்டேன். பிறகு அவரும் உண்டார்."

இரவுக்கு இரண்டாவது ஆள் இன்னும் அமர்த்தப்படவில்லை. ஜமாஅத் சார்பில் நாங்கள் கொடுத்த கடிதத்திற்குப் பதில் வரவில்லை. இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறோம்.