கல்லுக்கு அடியில் குடியிருப்பவர்கள்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போனால், கொட்டகுடி ஆறு துணைக்கு வரும். பேர்தான் ஆறு. மலைக்குள் அது ஓடைதான். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே காலை வாரிவிடும். காப்பித் தோட்டம், ஏலத் தோட்டம் எல்லாவற்றையும் தாண்டி இறங்கி, கடைசியில் வைகைக்குப் போகிற தண்ணீர் அது.

நம்மையே தள்ளுகிற வேகத்தில் ஓர் அரிசி அளவுப் பூச்சி என்ன செய்யும்? பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கரையோரம் ஒரு தட்டைக் கல்லைத் திருப்பிப் பாருங்கள்.

முதலில் பாசிதான் தெரியும். பொறுங்கள். ஒட்டியிருக்கும் மணல் கொஞ்சம் நகர்கிறதா? அது மணல் இல்லை, வீடு! உள்ளே இருப்பது கேடிஸ் ஈயின் புழு. வாயருகே சுரக்கும் இழையால் மணலை ஒவ்வொன்றாக ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் வாழ்கிறது. நம் வீட்டுப் பசை நனைந்தால் பெயர்ந்துவிடும்; இந்த இழை தண்ணீருக்குள்ளேயே ஒட்டும். கேடிஸ் புழு பட்டுப்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம் அல்லவா!

பக்கத்திலேயே, யாரோ கட்டைவிரலால் நசுக்கியதுபோல் சப்பையாக ஒன்று ஓடும். மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. அதன் வயிற்றோரம் படபடக்கும் சிறு இலைகள்தான் செவுள்கள். வாய்க்காலில் காகிதத் துண்டு போட்டிருக்கிறீர்களா? நடுவில் விட்டால் பறக்கும், ஓரத்தில் தயங்கும். கரையை உரசும் தண்ணீருக்கு வேகம் குறைவு. கல்லை ஒட்டியும் அப்படித்தான். மெல்லிய ஏடுபோல ஒரு தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். சப்பை உடம்பு அதற்குள் பதுங்கிக்கொள்ளும்.

பார்த்தாயிற்றா? கல்லை இருந்தபடியே வையுங்கள். கூரை அது.

என்னதான் பிடித்துக்கொண்டாலும் சில பூச்சிகளை வெள்ளம் இழுத்துப் போகத்தான் செய்யும். அப்படியானால் மேல் ஓடை காலியாகிவிடாதா? இந்த மலையில் இப்படிக் கீழே இறங்கியது இன்னொன்றும் உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால், மூணாறுத் தேயிலை, மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு இந்தக் கொட்டகுடி ஊருக்குத்தான் இறங்கியது. இறங்கிய தேயிலை மலைக்குத் திரும்பவில்லை, கப்பலேறிவிட்டது. மேஃப்ளை திரும்பும். இறக்கை முளைத்தபின் அதற்குச் சாப்பிட உதவும் வாய் கிடையாது. ஆயுள் சில மணி நேரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள். அதற்குள் பல தாய்ப்பூச்சிகள் ஓடை வந்த வழியிலேயே மேலே பறந்து போய் முட்டையிடுகின்றன.