உங்களுக்குத் தெரியுமா? தொட்டிலிலேயே கணக்கு!

பிரான்சில், பேர்கூட வைக்காத பச்சைக் குழந்தைகளுக்கே ஒரு சோதனை வைத்துவிட்டார்கள்! காதில் 12 சத்தம் விழுந்தால், 4 உருவப் படத்தைவிட 12 உருவப் படத்தில்தான் கண் அதிக நேரம் நிற்கிறது. முடிவு வெளியானது 2009-ல். குழந்தைகளின் சராசரி வயது வெறும் 49 மணி நேரம்!

5 மாதக் குழந்தைக்கு 1 + 1 தெரியும்! அமெரிக்காவில் காரென் வின் என்பவர் 1992-ல் காட்டினார். மேடையில் ஒரு மிக்கி மவுஸ் பொம்மை. அதை மறைத்து ஒரு திரை. குழந்தை பார்க்கப் பார்க்க, திரைக்குப் பின்னால் இன்னொரு பொம்மையும் போகிறது. திரை இறங்கும்போது ஒன்றுதான் இருக்கிறது என்றால், குழந்தை அதையே முறைத்துப் பார்க்கிறது. 'இன்னொண்ணு எங்கடா?' என்று கேட்காத குறை!

6 மாதத்தில் 8 புள்ளிக்கும் 16 புள்ளிக்கும் வித்தியாசம் தெரியும். 8-க்கும் 12-க்கும்? ஊஹூம்!

மனிதர்கள் ரொம்பப் பீற்றிக்கொள்ள வேண்டாம். பொரிந்து சில நாளே ஆன கோழிக்குஞ்சும் இரண்டு திரைகளில் எதன் பின்னால் அதிகப் பந்து இருக்கிறது என்று கூட்டிக் கழித்து ஓடுகிறது! அட, வீனஸ் பூச்சித்தின்னிச் செடிகூட எண்ணுகிறது! ஒரு தொடலுக்கு அசையாது. சுமார் 20 விநாடிக்குள் இரண்டாவது தொடல் பட்டால், 'டபக்'!

பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் முண்டுருகு மக்களுக்கு 5-க்கு மேல் எண்ணுக்குச் சொல்லே கிடையாது. ஆனால் 80 புள்ளிகள் வரை காட்டி 'எது அதிகம்?' என்று கேட்டால், பிரெஞ்சுக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை! துல்லியமாகக் கழிக்கச் சொன்னால்தான் தடுமாற்றம்.

பாப்புவா நியூகினியின் ஒக்சப்மின் மக்களுக்கு உடம்புதான் எண்சட்டம். ஒரு கைக் கட்டைவிரலில் தொடங்கி, தலையைச் சுற்றி, மறுகைச் சுண்டுவிரலில் முடிப்பார்கள். மொத்தம் 27. மூக்குக்கு எத்தனையாவது இடம்? சரியாக நடுவில், 14!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது! பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காய் விற்கும் 12 வயதுப் பையன். ஒரு காய் 35 குரூசேரோ. 4 காய் என்ன விலை? 3 காய்க்கு 105, அதோடு 30, அப்புறம் 5. மனசுக்குள்ளேயே போட்டு, 140 என்று சொல்லிவிட்டான்! பிறகு அதே பையனிடம் பென்சிலைக் கொடுத்து 35 × 4 போடச் சொன்னார்கள். நாலஞ்சு இருபது, கைவசம் 2. அந்த 2-ஐ 3-உடன் முதலில் கூட்டி, பிறகு 4-ஆல் பெருக்கினான். விடை 200! இப்படி 5 பிள்ளைகளிடம் சோதித்து 1985-ல் வெளியிட்டார்கள். தெருவில் கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37 சதவீதம்தான்!

கணக்குப் பாடத்தையே நிறுத்திப் பார்த்த ஊரும் உண்டு! அமெரிக்காவின் மான்செஸ்டர் நகரில், 1929 முதல், சில வகுப்புகளுக்கு 6-ஆம் வகுப்பு வரை முறையான கணக்குப் பாடம் கிடையாது. ஏற்பாடு செய்தவர் கல்வி அதிகாரி பெனசெட். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்தார். படித்த பெற்றோர் சண்டைக்கு வருவார்களே! விவரமான ஆள்தான். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை எட்டிப் பிடிக்க எவ்வளவு காலம்? ஒரே வருடம்!

மனக்கணக்குக்குப் பேர்போன சகுந்தலா தேவி முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். 1980-ல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை மனதிலேயே பெருக்கினார். 28 விநாடி!

நம் கணித மேதை ராமானுஜன்? கல்லூரித் தேர்வில் தோற்றவர். கணக்கில் அல்ல, மற்றப் பாடங்களில்!

கடைசியாக ஒன்று, சுடச்சுட! கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் செய்த ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் 1 சதவீதம் பேர்தான் செய்தார்கள்!

சந்தைக் கணக்கு ஒன்று உங்களுக்கும். உருளைக்கிழங்கு கிலோ 20 ரூபாய், 800 கிராம் வாங்குகிறீர்கள். வெங்காயம் கிலோ 15, ஒரு கிலோ 400 கிராம். 200 ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி எவ்வளவு? செல்போனைத் தொடக் கூடாது! விடை: 163. வந்ததா?