பித்தப்பையை எடுத்தாச்சு, ஸ்டென்ட்டை எடுத்தாச்சா?

பித்தப்பையையே எடுத்த பிறகு கல் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்குப் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் பஞ்சமில்லை. பித்தப்பைக் கல்லால் வலி கண்டவர்களில் சுமார் 100-க்கு 10 முதல் 15 பேருக்குக் கல் நழுவிப் பித்தநாளத்திலும் உட்கார்ந்திருக்கும். பையை எடுத்தால் பையில் இருந்த கல்தான் போகும். நாளத்துக் கல் ஒருநாள் அடைத்துக்கொள்ளலாம், கண் மஞ்சளாகும், வீட்டில் கீழாநெல்லி அரைக்கத் தொடங்குவார்கள். அடைப்பால் வந்த காமாலைக்குக் கீழாநெல்லி உதவாது. அரைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம்.

அறுவைக்குத் தேதி வாங்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பித்தநாளத்தின் அகலத்தைப் பாருங்கள். 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, ரத்தப் பரிசோதனையில் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் கூடியிருந்தாலோ, "நாளத்தில் கல் இல்லை என்று எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேளுங்கள். நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடல் வாயு மறைப்பதால் சாதாரண வயிற்று ஸ்கேன் அங்குள்ள கல்லைத் தவறவிடுவது சகஜம். சந்தேகத்தைத் தீர்க்க எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் இருக்கிறது. கல் உறுதியானால் ஈ.ஆர்.சி.பி.: வாய்வழியே குழாய் விட்டுக் கல்லை எடுப்பது. அதனால் சிலருக்குக் கணையம் வீங்கும் என்பதால், சும்மா பார்த்துவிடலாம் என்று அதைச் செய்யக் கூடாது.

ஈ.ஆர்.சி.பி. முடிந்ததும் பித்தம் வடியப் பலருக்கும் நாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். அதைப் பொதுவாக 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி போகிறது, சாப்பாடு இறங்குகிறது, ஸ்டென்ட் மறந்துபோகிறது. வருஷக்கணக்கில் உள்ளே விட்டால் அது அடைத்துக்கொள்ளும், அதைச் சுற்றியே புதுக் கல் கட்டும், குளிர்க்காய்ச்சல் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் மருத்துவமனைகளை என்ன சொல்ல? நீங்களே கேளுங்கள்: ஸ்டென்ட் வைத்தீர்களா, என்ன வகை, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்? அந்தத் தேதியைத் தமிழில் எழுதிக் காலண்டரில் குறியுங்கள். மகன், மகள் போனிலும் ஏற்றுங்கள்.

காசு இல்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு முதலில் மல்லேஸ்வரத்தில் உள்ள கே.சி. ஜெனரல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே செய்ய முடியாத சிகிச்சை என்றால், ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மற்றவர்களுக்குத் திட்டக் கட்டணத்தில் 30 சதவீதம், ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. அவசர நிலைக்குத் தவிர, பரிந்துரைக் கடிதம் இல்லாமல் தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டுப் பிறகு ஓடுவதில் பயனில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நாளத்தில் கல் தங்கியது மட்டுமே மருத்துவரின் அலட்சியம் ஆகிவிடாது. திறமையான கைகளிலும் அது நடக்கும். ரத்தப் பரிசோதனையே செய்யாமல் அறுத்ததும், ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லாமல் அனுப்பியதும் வேறு சங்கதி. சண்டைக்கு முன் காகிதம். சிகிச்சைப் பதிவேடுகளின் நகல் கேட்டு மனு எழுதி, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் மாவட்டத் துணை ஆணையர் தலைமையிலான குறைதீர்ப்பு ஆணையத்தில் புகார் தரலாம். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டு தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

மேல்வயிற்று வலி, காமாலை, நடுக்கும் காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் காலை ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே ஸ்டென்ட் இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.