காண்டாக் கம்பும் இயற்பியல் கணக்கும்



எஸ்.பி.எம். முடிவு வெளியானதும் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரும் பெற்றோர் சிலர், பிள்ளையையும் கூடவே அழைத்து வந்து, "வாத்தியாரையா, இவனுக்குக் கோப்பேங் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பிசிக்ஸ்தான் பயமாம். எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. புத்தகத்திற்குப் பஞ்சமில்லை. படிக்கும் முறையில்தான் பிசகு நேர்கிறது.

அங்கே படிப்பு இரண்டே பருவங்கள். முதற்பருவத்தில் இயக்கவியல், அலைகள், வெப்பம். அடுத்ததில் மின்சாரம், காந்தம், ஒளி, நவீன இயற்பியல். ஓராண்டிற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூன்று வாரம் பின்தங்கிய மாணவன் எட்டிப் பிடிப்பது கடினம். பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை கிடைக்கும் என்பதும் அந்த ஓராண்டின் மதிப்பெண்ணைப் பொறுத்தே அமைகிறது.

நானே இதில் இடறி விழுந்தவன். ஆறாம் படிவத்தில், விடைகளோடு அச்சிட்ட ஒரு நூலை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. தேர்வு மண்டபத்தில் வெள்ளைத்தாளைக் கண்டதும் முதல் வரி வரவில்லை. பிறர் போட்ட கணக்கைப் புரிந்துகொள்வது ஒன்று, தானே தொடங்குவது வேறொன்று என்பது அன்றுதான் உறைத்தது.

நம் தோட்டத்துக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் என் தாயார் காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வருவார். கம்பின் நீளம் 1.5 மீட்டர். ஒரு வாளி 12 கிலோ, மற்றது 8 கிலோ. கம்பு சாயாதிருக்க, தோள் எங்கே இருக்க வேண்டும்?

விடையைப் பார்க்காமல் முதலில் படம் வரைய வேண்டும். கீழ்நோக்கி இரண்டு எடைகள், மேல்நோக்கித் தோள் தரும் விசை. தோளை மையமாகக் கொண்டால், இரு பக்கத்துத் திருப்புத்திறனும் சமமாக வேண்டும். பளுவான வாளிக்கும் தோளுக்கும் உள்ள தூரம் 'தூ' எனில், 12 × தூ = 8 × (1.5 – தூ). அதாவது 20 தூ = 12; தூரம் 0.6 மீட்டர். கம்பின் எடையைத் தள்ளிவிட்டால், தோள் தாங்குவது 20 × 9.81, ஏறத்தாழ 196 நியூட்டன். இங்கே 196 கிலோ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. நிறையும் எடையும் குழம்பிவிட்டன என்று அந்த ஒரு சொல்லே ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும்.

விடை வந்ததும் எழுதுகோலை வைத்துவிடக் கூடாது. இரு வாளியும் சம எடையென்றால் தோள் நடுவில் வருகிறதா? 8 கிலோ வாளி காலியானால் தோள் பளுவான வாளிக்கு நேராகவே போய்விடுகிறதா? இரண்டும் சரியாக வந்தால் சமன்பாட்டை நம்பலாம். என் தாயார் பள்ளிக்குப் போனவரல்லர்; ஆனால் பளுவான வாளியின் பக்கமே தோளை நகர்த்திக்கொள்வார்.

இன்னொரு தடை மொழி. எஸ்.பி.எம். வரை மலாயில் படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. 'ஸ்மூத்' என்றால் உராய்வு இல்லை என்று பொருள். 'லைட்' கயிறு என்றால் அதன் நிறையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 'ஃப்ரம் ரெஸ்ட்' என்றால் தொடக்க வேகம் பூஜ்யம். கணக்கின் பாதி விவரம் இத்தகைய சொற்களில் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஒரு நோட்டில் இச்சொற்களைத் தொகுத்து வைக்கச் சொல்கிறேன். தவறிய கணக்குகளுக்கு இன்னொரு நோட்டு. தவறை அழிப்பான் கொண்டு அழிப்பதை நான் அனுமதிப்பதில்லை. எங்கே வழி தவறினோம் என்பது பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் தெரிய வேண்டுமல்லவா!

இது வெறும் வாத்தியார் பிடிவாதம் அன்று. 2006-இல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே நன்றாக நினைவு வைத்திருந்தனர். அவர்கள் கொடுத்தது உரைநடைப் பாடம். இயற்பியல் கணக்கு அன்று. எனினும் என் ஆறாம் படிவக் கதை அதில் அப்படியே இருக்கிறது.

நூல் பெயர் கேட்போருக்கு: கான்பூர் ஐ.ஐ.டி.யின் முன்னாள் பேராசிரியர் எச்.சி. வர்மா 1992-இல் வெளியிட்ட நூலைச் சொல்வேன். பயிற்சிக் கணக்குகளுக்கு அதில் விடை மட்டுமே உண்டு, வழி இல்லை. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், நன்மை அதில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் முயன்றும் வராவிட்டால், அப்போது ஆசிரியரிடம் போகட்டும். ஒரே வகைக் கணக்கை இருபது முறை போடுவதைவிட, இயக்கவியலையும் வெப்பத்தையும் கலந்து போடுவது மேல். தேர்வுத்தாளில் எந்த விதி பொருந்தும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

வீட்டில் போட்டுப் பார்க்க: அதே காண்டாக் கம்பின் நிறை 2 கிலோ, அதன் எடை நடுவில் செயல்படுகிறது என்று கொள்ளுங்கள். தோள் இப்போது எங்கே? பளுவான வாளியிலிருந்து ஏறத்தாழ 61 சென்டிமீட்டர் வர வேண்டும். வராதவர்கள் நோட்டோடு வந்து என்னைக் காணலாம்.