இரைச்சலை அடக்கும் அறை: பேராசிரியர் எம்.எல். முஞ்சாலின் ஒலியியல் ஆய்வும் கிள்ளைப் படகு இயந்திரமும்

ஆய்வுச்சுருக்கம்

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் எம்.எல். முஞ்சால், இயந்திரப் புகைப்போக்கியில் எழும் இரைச்சலைக் குறைக்கும் சைலன்சர் வடிவமைப்பைக் கணக்கீட்டு அடிப்படையில் வளர்த்தெடுத்தவர். அவரது ஆய்வின் அடிப்படைகளை விளக்கி, கிள்ளைப் பகுதி மீன்பிடிப் படகின் டீசல் இயந்திரத்தோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். எரிபொருளைக் கூடுதலாகக் கேட்காத வடிவமைப்பு இல்லாதபோது, இரைச்சல் வரம்பு ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஒலியியல், இரைச்சல் கட்டுப்பாடு, சைலன்சர், பின்னழுத்தம், கிள்ளை, படகு இயந்திரம்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்குக் கிழக்கே, பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை ஒட்டி அமைந்த பேரூர் கிள்ளை. இப்பகுதி மீனவர் பயன்படுத்தும் பைபர் படகுகளில் ‘லாங் டெயில்’ எனப்படும் நீண்ட தண்டுடைய டீசல் இயந்திரங்கள் பொருத்தப்படுகின்றன. இயந்திரம் படகின் பின்புறத்தில் திறந்த நிலையில் இருக்கும். அதை இயக்குபவர் அதன் அருகிலேயே இருந்து தண்டைத் திருப்பிப் படகைச் செலுத்துவார். எனவே இயந்திரத்தின் இரைச்சல் முதலில் சென்று சேர்வது அவர் செவியையே. இவ்விரைச்சலைக் குறைக்க இயலுமா, இயலுமெனில் எங்கே குறைப்பது என்ற வினாக்களுக்கு முஞ்சாலின் ஆய்வுகள் விடையளிக்க உதவுகின்றன.

இரைச்சலின் அளவும் செவியின் எல்லையும்

ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் ஒரு மடக்கை அளவாகும். 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை பணிபுரியலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். அதன்படி 88 டெசிபலுக்கு 4 மணி, 91 டெசிபலுக்கு 2 மணி, 94 டெசிபலுக்கு 1 மணி என எல்லை சுருங்குகிறது. உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. ஆதலின் இவ்விழப்பு நிலையானது.

இரைச்சல் கட்டுப்பாட்டை ஒலி பிறக்குமிடம், ஒலி செல்லும் வழி, ஒலியைக் கேட்பவர் என மூன்று நிலைகளில் அணுகுவது பொறியியல் மரபு. படகில் இயந்திரத்திற்கும் ஆளுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகக் குறைவு. இடையே தடுப்பு அமைக்க இடமில்லை. செவியடைப்பான் அணிந்தால் பிற படகின் ஒலியும் உடன்வருபவரின் குரலும் கேளாமல் போகும். கடலில் அது ஆபத்து. எனவே எஞ்சியிருப்பது ஒலி பிறக்குமிடம் ஒன்றே.

முஞ்சாலின் பங்களிப்பு

முஞ்சால் 1986ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பொறியியல் பிரிவில் பெற்றவர். குழாய்களிலும் சைலன்சர்களிலும் ஒலி செல்லும் முறையை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1987இல் வெளிவந்தது; அதன் இரண்டாம் பதிப்பு 2014இல் வந்தது. தேசிய இரைச்சல் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைவராகவும் அவர் பணியாற்றியுள்ளார்.

அவர் விரிவாகக் கையாண்ட முறை கடத்தல் அணி முறையாகும். சைலன்சரைச் சிறு சிறு உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பின் இரு முனைகளிலும் உள்ள ஒலியழுத்தத்தையும் துகள் அசைவையும் ஓர் அணியால் இணைப்பர். அவ்வணிகளை வரிசையாகப் பெருக்கினால் முழுச் சைலன்சரின் செயல் கிடைக்கும். செய்து பார்த்துத் திருத்தும் பட்டறை முறைக்கு மாற்றாக, செய்யும் முன்பே கணித்தறியும் வழியை இது அளித்தது.

விரிவறையின் இயல்பு

சைலன்சரின் எளிய வடிவம் விரிவறை. குறுகிய குழாய் அகன்ற அறைக்குள் திறந்து, மறுமுனையில் மீண்டும் குறுகிய குழாயாகும். குறுகிய வாய்க்கால் அகன்ற கழியோடு சேருமிடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்புவதைப் போல, பரப்பு மாறும் இடத்தில் ஒலியலையின் ஒரு பகுதி பிறந்த இடம் நோக்கித் திரும்புகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அறையின் விட்டம் குழாயின் விட்டத்தைப் போல் 3 மடங்கு. எனவே பரப்பு 9 மடங்கு. அறையின் நீளம் 50 செ.மீ. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். இவ்வறை 250 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏறத்தாழ 13 டெசிபல் வரை ஒலியைத் தடுக்கும். ஆனால் 500 ஹெர்ட்ஸில் அதன் தடுப்பாற்றல் சுழியாகும். அறையின் நீளம் அரை அலைநீளத்திற்குச் சமமாகும்போது, அறையே இல்லாதது போல ஒலி கடந்து செல்லும். 1000, 1500, 2000 ஹெர்ட்ஸிலும் அதுவே நிகழும்.

தாழ்ந்த அதிர்வெண்ணில் இடர்ப்பாடு வேறு வகையானது. நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழலும் ஒற்றை உருளை, நான்கு வீச்சு இயந்திரத்தில் இரு சுற்றுக்கு ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. அதாவது நொடிக்கு 12.5 முறை. இது செவிக்கு எட்டாதது. இதன் மடங்குகளான 25, 37.5, 50 ஹெர்ட்ஸ் முதலியனவே ‘தடதட’ ஒலியாகக் கேட்கின்றன. மேற்சொன்ன அறை 50 ஹெர்ட்ஸில் 5 டெசிபலுக்கும் குறைவாகவே தடுக்கும். புகைப்போக்கியில் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தினால் போதும் என்னும் எண்ணம் பயன் தராமைக்குக் காரணம் இதுவே.

நீட்டிய குழாயும் துளையிட்ட குழாயும்

விரிவறையின் குறையை நீக்கும் வழி எளியது, ஆயினும் நுட்பமானது. உள்வரும் குழாயை அறையின் நீளத்தில் பாதி அளவும், வெளிச்செல்லும் குழாயைக் கால் பங்கு அளவும் அறைக்குள் நீட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இவை 25 செ.மீ., 12.5 செ.மீ. ஆகும். முதல் நீட்சி 500, 1500 ஹெர்ட்ஸ் குறைகளையும், இரண்டாம் நீட்சி 1000 ஹெர்ட்ஸ் குறையையும் சரிசெய்யும். 2000 ஹெர்ட்ஸ் குறை மட்டும் எஞ்சும்.

நடைமுறையில், குழாயின் ஒலியியல் நீளம் அதன் அளவுகோல் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிடில் திருத்தம் இலக்குத் தவறும். குழாய்ச் சுவரின் தடிமன் இவ்வேறுபாட்டை எவ்வாறு மாற்றுகிறது என்பதை முஞ்சாலின் ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது.

மற்றொரு சிக்கல் பின்னழுத்தம். அறைக்குள் புகை பீறிட்டு விரிந்து மீண்டும் குறுகும்போது அழுத்தம் வீணாகிறது. இயந்திரம் புகையைத் தள்ளவே கூடுதலாக உழைக்கிறது. டீசல் செலவு ஏறுகிறது. நீட்டிய இரு குழாய்களையும் துளையிட்ட குழாயால் இணைத்தால் புகை நேரே செல்லும்; ஒலியோ துளைகளின் வழியே அறையை உணரும். இத்துளையிட்ட குழாய்களின் கணிதம் முஞ்சாலின் ஆய்வில் முக்கிய இடம் பெறுகிறது. புகைக்கு வழிவிட்டு ஒலியை மறிக்கும் இவ்வமைப்பே நல்ல சைலன்சரின் இலக்கணம் எனலாம்.

சட்ட வரம்பும் கடற்கரையும்

1.1.2005 முதல் தயாரிக்கப்படும் 1000 கேவிஏ வரையிலான டீசல் மின்னாக்கிகளின் இரைச்சல், உறையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என இந்திய அரசு விதித்தது. இவ்வரம்பிற்குள் அடங்காதவற்றின் சைலன்சர் குறைந்தது 25 டெசிபல் குறைக்க வேண்டும். அதாவது ஒலியாற்றலை ஏறத்தாழ 300இல் ஒரு பங்காக்க வேண்டும். ஒலி உறையும் கணக்கிட்டமைத்த சைலன்சரும் உருவாக்கத்தக்கவையாக இருந்ததால்தான் இவ்விதி செயல்படத்தக்கதாயிற்று.

இவ்விதி மின்னாக்கிக்கு உரியது, படகிற்கு எழுதப்பட்டதன்று. மின்னாக்கியின் உறையைப் படகிலும் அமைத்துவிட முடியாது. எடை கூடும், காற்றால் குளிரும் இயந்திரம் சூடேறும். எனவே படகிற்கு ஏற்றது எடை குறைந்த, உப்புக்காற்றில் துருப்பிடிக்காத, பின்னழுத்தம் தராத துளைக்குழாய்ச் சைலன்சராகும். இயந்திர உடலிலிருந்து எழும் இரைச்சல் இதனாலும் நீங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் புகைப்போக்கியின் இரைச்சல் மேலோங்கி நிற்கும் இயந்திரத்தில் முதற்பயன் இங்கேயே கிட்டும்.

முடிவுரை

சைலன்சரால் டீசல் வீணாகிறது என்று மீனவர் கருதினால் அதை அறியாமை என ஒதுக்குதல் தகாது. பின்னழுத்தம் மிகுந்த சைலன்சரைப் பொறுத்தவரை அக்கருத்து அறிவியல் உண்மையே. அன்றாடம் டீசல் வாங்கிக் கடலுக்குச் செல்பவரிடம், செவியைக் காக்க வருவாயை இழக்குமாறு கேட்க இயலாது. இரண்டையும் ஒருங்கே காக்கும் வடிவத்தைக் கணிப்பதற்கான வழியை முஞ்சாலின் ஆய்வுகள் தந்துள்ளன. படகு இயந்திரத்தின் இரைச்சலை இயக்குபவரின் செவியருகே அளந்து, அதற்கேற்ற சைலன்சரை வடிவமைத்து, டீசல் செலவோடு ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வை இக்கடற்கரையின் கல்வி நிறுவனங்கள் மேற்கொள்ளலாம். அதன் முடிவுகள் மீனவருக்குப் புரியும் தமிழில் அமைவதும் இன்றியமையாதது.